சுரங்கம் மூடின பிறகும் ஓடுகிற தண்ணீர்

வன்னியில் எதையாவது தோண்டுகிற கதை வந்தால் இரண்டு விசயம்தான் பேசப்படுகிறது: எத்தனை பேருக்கு வேலை, அரசாங்கத்துக்கு எவ்வளவு வருமானம். கிரவல் குழி, கருங்கல் குவாரி, ஆற்றுமணல், கடற்கரையில் அள்ளுகிற இல்மனைட் என்ற கறுப்புக் கனிம மணல் எல்லாவற்றுக்கும் இதே பேச்சுத்தான். பெக்கோவும் டிப்பரும் போன பிறகு அந்த இடத்துத் தண்ணீருக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் கூட்டம் அமைதியாகிவிடுகிறது. சுரங்கத்தின் வரலாற்றில் எனக்குத் தெரிந்த அளவில் இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கோ.

ஸ்பெயினின் தென்மேற்கில் ரியோ தின்தோ என்றொரு ஆறு. ஏறத்தாழ 100 கிலோமீற்றர் நீளம். தண்ணீர் செக்கச்செவேல் என்றிருக்கும், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 2 க்கும் 3 க்கும் இடையில், அதாவது கடும் அமிலம். அந்த மலையில் செம்பும் வெள்ளியும் எடுக்கத் தொடங்கி ஐயாயிரம் வருடம் ஆகிறது. பினீசியர் எடுத்தார்கள், உரோமர் எடுத்தார்கள். 1873இல் ஸ்பெயின் அரசிடமிருந்து சுரங்கத்தை வாங்கிய கொம்பனி ஆற்றின் பெயரையே தனக்கும் வைத்துக்கொண்டது. பிறகு அதுவும் அங்கிருந்து போய்விட்டது. ஆறு கடலோடு சேரும் இடத்துச் சேற்றைத் துளைத்துப் பார்த்தவர்கள், 4,500 வருடத்துக்கு முந்திய சுரங்க மாசை அதில் கண்டிருக்கிறார்கள். நியாயமாகச் சொன்னால், மனிதர் கைவைக்க முன்னரே அந்த மலையில் தண்ணீர் இப்படி அமிலமாவது இயற்கையாகவும் நடந்துகொண்டிருந்தது. தோண்டியவர்கள் அதைப் பல மடங்காக்கினார்கள்.

காரணம் பைரைற்று என்ற கனிமம். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது, பொன்போல மினுங்கும். காற்றுப்படாமல் நிலத்துக்கடியில் கிடக்கும்வரை ஒன்றும் செய்யாது. தோண்டி, உடைத்து, வெளியே குவித்தால் காற்றும் மழையும் படும். கந்தகம் சல்பூரிக் அமிலமாகும், இரும்பு கரையும். அமிலத்துக்குள்ளேயே வாழும் பக்ரீரியாக்கள் அதை இன்னும் வேகமாக்கும். கரைந்த இரும்பு திரும்பவும் மிச்சப் பைரைற்றை அரிக்கும். அதனால்தான் தொடங்கினால் லேசில் நிற்காது. போகிற வழியில் செம்பு, நாகம், கட்மியம் என்று உலோகங்கள் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு போகும்.

இந்த இரும்பின் குணத்தை எங்கள் ஊரிலும் பார்க்கலாம். சில குழாய்க்கிணறுகளில் அடித்தவுடன் தண்ணீர் தெளிவாகத்தான் வரும். வாளியில் ஓர் இரவு வைத்தால் மேலே எண்ணெய் படிந்ததுபோல ஆடை, அடியில் காவி நிற மண்டி. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத் தோய்த்தால் பழுப்பேறிவிடும். கரைந்திருந்த இரும்பு காற்றுப்பட்டு வெளியே வருகிறது, அவ்வளவுதான். அது அமிலத் தண்ணீர் இல்லை. சுரங்கத் தண்ணீரில் இதே காவி ஆற்றடி முழுக்கப் படிந்து, மீன் முட்டையிடும் கற்களையே மூடிவிடும்.

ரியோ தின்தோவில் தண்ணீர் இறைக்கிற உரோமர் காலத்துப் பெரிய மரச்சில்லுகள் கிடைத்தன. சோடி சோடியாக ஒன்றுக்கு மேல் ஒன்று வைத்து, ஆட்கள் காலால் மிதித்து, அடிச்சுரங்கத் தண்ணீரைப் படிப்படியாக மேலே ஏற்றியிருக்கிறார்கள். துலா மிதித்த எங்கள் அப்பப்பாமாருக்கு அந்த உழைப்பு விளங்கியிருக்கும். உள்ளே காசு இருக்கும்வரை எந்தச் சுரங்கத்திலும் இறைப்பு நடக்கும். காசு முடிந்தால் இறைப்பும் நின்றுவிடும். இங்கிலாந்தின் கோர்ன்வாலில் வீல் ஜேன் என்ற வெள்ளீயச் சுரங்கம் 1991இல் மூடப்பட்டு, பம்புகள் நிறுத்தப்பட்டன. நிலத்தடி நீர் மெல்ல மெல்ல ஏறி, 1992 சனவரியில் உடைத்துக்கொண்டு வந்தது. கார்னன் ஆறு செம்மஞ்சளாக மாறிக் கடல்வரை போனது. பிறகு அதைச் சுத்திகரிக்கிற செலவு பொதுப்பணத்தின் தலையில் விழுந்தது. கலிபோர்னியாவின் அயன் மௌண்டன் சுரங்கம் 1963இல் நின்றது. அங்கிருந்து அமிலம் இன்னும் ஏறத்தாழ 3,000 வருடம் வரும் என்று கணித்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் ஆத்திரம் தருவது 1556இல் வெளியான அக்ரிகோலாவின் சுரங்க நூல். சுரங்க ஊரில் வைத்தியராக இருந்த மனிதர். சுரங்கத்தை எதிர்த்த சனத்தின் முறைப்பாடுகளை மறைக்காமல் எழுதியிருக்கிறார்: வயல் அழிகிறது, காடு வெட்டப்படுகிறது, கனிமம் கழுவிய தண்ணீர் ஓடைகளில் நஞ்சாகி மீன்களைக் கொல்கிறது. அதற்கு அவர் சொன்ன பதில்களில் ஒன்று, உலோகத்தால் வரும் காசில் மீனையும் இறைச்சியையும் வேறு இடத்தில் வாங்கலாம் என்பது. நாயாறு, கொக்கிளாய்க் கரைகளில் கரைவலை இழுக்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இனி எங்கள் நிலத்துக்கு வருவோம். இல்மனைட்டில் கந்தகம் இல்லை, அந்த மணலை அள்ளினால் அமில ஆறு ஓடாது. பிழையான காரணத்தைச் சொல்லிப் போராடினால் முதல் கூட்டத்திலேயே எங்களை வாயடைக்கச் செய்துவிடுவார்கள். அங்கே பயப்பட வேண்டியது உப்புக்கு. மன்னார் போன்ற இடங்களில் உப்பு நீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் நல்ல தண்ணீர் நிற்கிறது, தோண்டினால் அந்தப் படை குலைந்து கிணற்றில் உப்பு ஏறலாம். பைரைற்று விசயத்தில் கவனிக்க வேண்டியது கண்டல் சேறு. கிளறினால் கூழ்முட்டை மணக்கும் அந்தக் கறுப்புச் சேற்றில் பைரைற்று பொதுவாக இருக்கும். தண்ணீருக்குக் கீழே கிடந்தால் ஆபத்தில்லை. இறால் பண்ணைக்கென்று வெட்டி வெயிலில் போட்டால் அமிலம் பிறக்கும். மாத்தறையில் நில்வளா கங்கை வெள்ளத்தடுப்புத் திட்டம் 1980களில் சதுப்பு நிலத்தை வற்றவைத்தபோது வயல்கள் இப்படித்தான் புளித்துப்போயின. அங்கே யாரும் சுரங்கம் தோண்டவில்லை, தண்ணீரை வடித்தார்கள், அவ்வளவுதான்.

எங்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. வருடம் முழுக்க ஓடுகிற ஆறு வன்னியில் இல்லை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளங்களில் தேக்கித்தான் வாழ்கிறோம். பைரைற்று உள்ள கல்லையோ சேற்றையோ தோண்டி வெளியே போட்டால், கோடையில் அமில உப்புகள் அதில் பூத்துக் கிடக்கும். முதல் பெருமழை அத்தனையையும் ஒரேயடியாகக் கரைத்து இறக்கும். ஐப்பசியில் அது வந்து சேருகிற இடம் காலபோக வயலும் குளமும்தான்.

அதனால் நான் கேட்பது இதுதான். மூடின பிறகு தண்ணீரைப் பராமரிக்கிற காசை, அனுமதி கொடுக்க முன்னரே பிணையாக வாங்குங்கள். தோண்டத் தொடங்க முதல் சுற்றுவட்டாரக் கிணறுகளையும் குளத்தையும் சோதித்து, முடிவின் ஒரு பிரதியைக் கமக்கார அமைப்பிடம் கொடுங்கள். அதுவரை நாங்கள் சும்மா இருக்கவும் தேவையில்லை. பள்ளிக்கூட ஆய்வுகூடத்துப் பாசிச்சாயத் தாள் பெரிய மாற்றத்தை மட்டும்தான் காட்டும், எண் சொல்லாது. பி.எச். தாள் கிடைத்தால் நல்லது. விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், கோடையில் ஒருமுறையும் முதல் மழைக்கு அடுத்த நாள் ஒருமுறையும் ஊர்த் தண்ணீரைப் பார்த்துத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ. பெக்கோ வர முன்னர் எழுதினால்தான் அது சாட்சி.