பௌத்தராவதற்குப் பெயரையும் உணவையும் மாற்ற வேண்டுமா?

பௌத்தத்தைத் தழுவும் தமிழர் தம் பெயரை மாற்றி, அடையாள அட்டையில் மதத்தைப் பதிந்து, அன்றே புலாலை விட்டுவிட வேண்டும் என்ற செய்தி சிங்கப்பூர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பகிரப்படுகிறது. இது உண்மையன்று.

நம் அடையாள அட்டையில் இனம் உண்டு, மதம் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சமயத்தைப் பின்பற்றும் உரிமையை அனைவருக்கும் அளிக்கிறது. பெயர் மாற்றத்தைப் பௌத்தமும் கோருவதில்லை.

புத்தர், அவரது போதனையான தம்மம், துறவியர் குழுவான சங்கம் ஆகிய மும்மணிகளைச் சரணடைந்து, கொலை, களவு, பிறழ்ந்த காமம், பொய், மது ஆகியவற்றை விலக்கும் ஐந்து சீலங்களை மனமார ஏற்பவரே இல்லறப் பௌத்தர். செயின்ட் மைக்கேல்ஸ் சாலையின் ஸ்ரீ லங்காராமயம் போன்ற தேரவாதப் பிரிவு விகாரைகளில் இவற்றைப் பிக்குவின் முன்னிலையில் பாலி மொழியில் சொல்லி ஏற்பது மரபு.

உணவைப் பற்றிய குழப்பத்திற்குக் காரணம் உண்டு. பௌத்தத்தின் மற்றொரு பெரும் பிரிவான மகாயானத்தின் சீன மரபில் துறவியர் சைவ உணவே உண்கின்றனர். இல்லறத்தாரில் பலரும் சந்திர மாதத்தின் 1ஆம், 15ஆம் நாள்களில் புலாலைத் தவிர்க்கின்றனர். ஆனால் தேரவாதத்தின் அடிப்படையான பாலி நூல்களில் உள்ள ‘ஜீவக சுத்தம்’ என்னும் புத்தரின் உரை, தமக்கென்றே கொல்லப்பட்டதாகக் கண்டோ கேட்டோ ஐயுற்றோ இராத இறைச்சியைப் பிக்குகளுக்கும்கூட அனுமதிக்கிறது. கருணையால் புலாலை விடுவது போற்றத்தக்கது; எனினும் அதை நுழைவு நிபந்தனையாக்கி, ஆர்வத்தோடு வருபவரைத் தயங்க வைப்பது வருத்தம் தருகிறது.

சீலங்கள் தாமே ஏற்கும் பயிற்சி விதிகள். தவறியவர் விலக்கப்படுவதில்லை, மீண்டும் ஏற்றுத் தொடரலாம்.