தண்ணி கொட்டுது, பவர் சைபராம்!

கடுப்பு தாங்கல, கொட்டிடறேன். பாலக்கோடு பக்கம் எங்க தோட்டத்து போர் மோட்டாருக்கு பவர் கணக்கு பார்க்க ஒரு சின்ன புரோகிராம், அவ்ளோதான், அதுக்கு ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு. மூணு பேஸ், ஒவ்வொண்ணுலயும் 230 வோல்ட், 10 ஆம்ப், கரண்ட் 30 டிகிரி பின்தங்கி வருதுன்னு வச்சுக்கிட்டேன். சுமாரா 5976 வாட், 3450 வார் (வேலை செய்யாம போய்ட்டு திரும்பற ரியாக்டிவ் பவரோட அளவு) வரணும். காலேஜ்ல எழுதின மேட்லாப் கோடு அதைத்தான் குடுத்துச்சு. அதையே பைத்தானுக்கு மாத்தி, அதோட கணக்கு லைப்ரரி நம்-பைல ஓட்டினா மொத்தம் ஜீரோ! அப்பா எட்டிப் பார்த்துட்டு "என்னாடா, அங்க தண்ணி கொட்டுது, இதுல சைபர்னு காட்டுது"ங்கறாரு.

காரணம் என்னன்னா மேட்லாப்ல வெக்டர் பக்கத்துல ஒரு ஒத்தை மேற்கோள் குறி வச்சா டிரான்ஸ்போஸோட (வரிசையை நெடுக்கா திருப்பறது) கான்ஜுகேட்டையும் (கலப்பெண்ணோட கோணத்தோட குறியை மாத்தறது) சேர்த்தே எடுத்துடும், நம்-பைல டாட் டி போட்டா வெறும் டிரான்ஸ்போஸ் மட்டும்தான். பவருக்கு வோல்டேஜை கரண்ட்டோட கான்ஜுகேட்டால பெருக்கணும், அப்பதான் கோணம் கழியும், அது இல்லன்னா மூணு பேஸுக்கும் நடுவுல இருக்கற 120 டிகிரி வித்தியாசமும் கழியாம டபுளாகி ஒண்ணை ஒண்ணு அடிச்சு சைபராயிடுது. சந்தேகப்பட்டு முதல் பேஸை மட்டும் தனியா பார்த்தேன், அங்க வோல்டேஜ் கோணம் ஜீரோங்கறதால வாட் கரெக்டா நிக்குது, ரியாக்டிவ் மட்டும் மைனஸ், என்னமோ கெப்பாசிட்டர் மாட்டின மாதிரி! நான் மீட்டர் கனெக்‌ஷன் தலைகீழன்னு நினைச்சு பேனல் போர்டையே கழட்டிட்டேன். எர்ரர் இல்ல, வார்னிங் இல்ல, அதான் வயித்தெரிச்சல்.

கான்ஜுகேட்னா பன்னெண்டாவதுல இணைக் கலப்பெண்ணுன்னு படிச்சோமே அதான், கற்பனைப் பகுதியோட குறியை மாத்தணும், முடிஞ்சுது. இந்த ஒரு வரி வேலைக்கு ஃபோர்ட்ரான் மொழியில கான்ஜுன்னு எழுதி கடைசியில ஜி ஒட்டணும், ஆர் மொழியில அதோட முதல் எழுத்து பெரிசா இருக்கணும், பைத்தான்ல ரியலுக்கும் இமேஜினரிக்கும் அடைப்புக்குறி வேணாம் ஆனா கான்ஜுகேட்டுக்கு மட்டும் வேணும், மறந்துட்டு பிரிண்ட் போட்டா நம்பருக்குப் பதிலா பில்ட்-இன் மெத்தட்னு ஒரு வரி நீளமா வருது.

மேனுவல்ல இருக்குன்னு யாரும் வராதீங்க, இருக்கு, இப்ப தெரியும். டாட் டிக்கு முன்னாடி டாட் கான்ஜ், அடைப்புக்குறியோட. போட்டேன், 5976 வந்துச்சு. கலப்பெண் வெக்டர்ல ஒருத்தன் வெறும் டிரான்ஸ்போஸ் போடறப்ப ஒரே ஒரு வார்னிங் வந்திருந்தா நான் எதுக்குய்யா நடு ராத்திரியில டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு அந்த போர்டைக் கழட்டப் போறேன்?