சவரன் காசும் கடைத் தராசும்
“தங்கத்தை நாணயமாக வாங்கினால் செய்கூலி, சேதாரம் இல்லை, விற்கும்போது முழு விலையும் கைக்கு வரும்” என்கிறது தங்கக் காசு வாங்கச் சொல்லும் ஒரு இணையக் கட்டுரை. பாதிதான் சரி. சின்னக் காசு என்றாலும் அச்சடித்த கூலி விலைக்குள் ஒளிந்திருக்கும், அதன்மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. விற்கும்போது இரண்டும் திரும்பி வராது. வங்கியில் வாங்குவதே பத்திரம் என்று அதன் கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருக்கிறார். தூய்மைக்குச் சரி, ஆனால் தான் விற்ற நாணயத்தை வங்கி திரும்ப வாங்கிக்கொள்வதில்லை, கடைசியில் நகைக்கடை வாசலில்தான் நிற்க வேண்டும். பழங்காசு கதை இன்னும் மோசம். பாட்டியின் ஐந்தாம் ஜார்ஜ் சவரன் (பிரிட்டிஷ் தங்கக் காசு) ஒன்று, 1918 என்று போட்டது, கடைக்குக் கொண்டுபோனேன். தராசில் வைத்தார், 22 காரட் விலை சொன்னார், அவ்வளவுதான். (நாம் பவுன் என்றால் 8 கிராம் என்கிறோம், அசல் சவரன் 7.98 கிராம், அதில் சுத்தத் தங்கம் 7.32.) அந்த 1918 ஒரு வருடம்தான் பம்பாயிலும் சவரன் அடித்தார்கள், அந்தக் காசில் குதிரைவீரன் உருவம் உள்ள பின்பக்கம், ஆண்டுக்கு மேலே உள்ள தரைக்கோட்டில் பொடியாக ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். கடைக்காரர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் நாணயம் சேர்க்கும் நண்பரிடம் காட்டினேன். பூதக்கண்ணாடியில் எழுத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தது, விளிம்பைப் பார்த்ததும் சுருங்கிவிட்டது: காசுமாலையில் கோக்க வளையம் பற்றவைத்த தழும்பு. அவர் கணக்கிலும் அது வெறும் தங்கம்தானாம்.