விலை போட்ட கோப்பைதான் மலிவு

லாஸ் வேகாஸ் போகும் நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது இதுதான்: சூதாட்ட மேசையில் இலவசமாக வரும் மதுவை வாங்காதீர்கள், அதே விடுதிக்குள் இருக்கும் இத்தாலிய-அமெரிக்க உணவகத்தின் பாரில் பிற்பகலில் விலையைக் குறைத்துத் தரும் ‘ஹேப்பி அவர்’ நேரத்தில் போய் உட்கார்ந்து, காசு கொடுத்துக் குடியுங்கள், சாப்பிடுங்கள். குடிக்காதவர்கள் சாப்பாட்டுக்காகவே போகலாம். அந்தப் பெரிய கட்டடத்தில் என்ன கொடுத்தோம், என்ன பெற்றோம் என்பது நமக்குத் தெளிவாகத் தெரிகிற இடங்கள் மிகக் குறைவு. அவற்றில் இது ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வேகாஸின் முக்கியத் தெருவான ஸ்டிரிப் சாலையின் பெரிய விடுதிகளில் அறை பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகுதான் கைக்கு வரும். மதியக் கூட்டம் கலைந்து, இரவுக் காட்சிக்கு முன் சாப்பிட வருகிறவர்கள் வந்து சேரும்வரை, உணவகத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், ஆட்களும் சம்பளத்தில் நின்றுகொண்டிருப்பார்கள், நாற்காலிகள் மட்டும் காலியாகக் கிடக்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் விலையைக் குறைக்கிறார்கள். இதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. சலுகை பெரும்பாலும் பார் இருக்கைகளுக்கு மட்டுமே என்பதையும், இருபத்தொரு வயது ஆகாதவர்கள் அங்கே உட்கார முடியாது என்பதையும் குடும்பத்தோடு போகிறவர்கள் முன்பே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இத்தாலிய-அமெரிக்க உணவகத்தை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1880 முதல் 1924 வரை சுமார் நாற்பது லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்கா வந்தார்கள்; அவர்களில் பெரும்பாலோர் சிசிலி, கலாப்ரியா, நேப்பிள்ஸ் பகுதிகளின் ஏழைகள். பண்டிகை நாளில் மட்டுமே இறைச்சியைக் கண்ட அந்த மக்களுக்கு, இங்கே கிடைத்த கூலியில் அதை அடிக்கடி வாங்க முடிந்தது. ஊரில் சிறியதாக, தனியாகப் பரிமாறப்பட்ட இறைச்சி உருண்டை இங்கே பெருத்து, தக்காளிக் குழம்போடு ஸ்பாகெட்டியின் மேல் ஏறியது. கத்தரிக்காயில் செய்த பார்மேசானாவிலிருந்து சிக்கன் பார்மேசான் பிறந்தது. பகிர்ந்து உண்பதற்கென்றே வளர்ந்த சமையல் இது. நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் 1896இல் தொடங்கிய ரேயோஸ் உணவகம் 2006இல் வேகாஸின் சீசர்ஸ் பேலஸ் விடுதியில் கிளை திறந்து 2021 வரை நடத்தியது. நியூயார்க்கின் கார்போன் உணவகம் 2015இல் வேகாஸின் ஆரியா விடுதிக்கு வந்தது. இப்படிப்பட்ட இடங்களில் இரவுச் சாப்பாட்டின் பில் நம்மில் பலருக்குக் கட்டுப்படியாகாது. ஹேப்பி அவர் நடத்தும் உணவகங்களிலோ அதே வகைச் சமையல் சிறு தட்டுகளில், எட்டக்கூடிய விலையில் கிடைக்கிறது.

நல்ல சமையலறையா என்று பார்க்க நான் முதலில் வரவழைப்பது அந்த இறைச்சி உருண்டையைத்தான். சிறிய இரும்புச் சட்டியில், கொதி அடங்காத தக்காளிச் சாற்றின் நடுவே, மேலே ஒரு கரண்டி ரிக்கோட்டா என்ற மென்மையான சீஸும் கிள்ளிப் போட்ட பேசில் (இத்தாலியத் துளசி) இலையுமாக வரும். நம் கோலா உருண்டையின் மொறுமொறுப்பை அதில் எதிர்பார்க்கக் கூடாது. பாலில் ஊறிய ரொட்டியைச் சேர்த்துப் பிசைவதால் முள்கரண்டியின் விளிம்பு பட்டதுமே அது பிளந்துகொள்ள வேண்டும். அழுத்தி வெட்ட வேண்டியிருந்தால் காலையிலேயே செய்து சூடாக்கித் தருகிறார்கள் என்று பொருள். அதில் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் கலந்திருப்பது வழக்கம் என்பதால், தவிர்ப்பவர்கள் கேட்டுவிட்டு வாங்கவும். சைவர்களுக்கு மார்கெரிட்டா ஃபிளாட்பிரெட்டும், வறுத்த சோற்று உருண்டையான அரான்சினியும் (உள்ளே இறைச்சி வைக்காததா என்று கேட்டுவிட்டு) உண்டு. ஆனால் சீசர் சாலடில் நெத்திலி சேரும், அசல் பார்மேசான் சீஸ் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறைய வைக்கப்படுவது. ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துப் போகும் நண்பர்கள் இதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து.

இலவச மதுவின் கணக்குக்கு வருகிறேன். எண்களின் மேல் பந்தயம் கட்டி ஆடும், இரண்டு பூஜ்யங்கள் கொண்ட அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் ‘வீட்டின் பங்கு’, அதாவது பந்தயப் பணத்தில் சராசரியாகச் சூதாட்டக் கூடத்துக்குப் போகும் பகுதி, 5.26 விழுக்காடு. ஒரு சுற்றுக்கு 15 டாலர் வீதம் மணிக்கு 40 சுற்று ஆடினால் 600 டாலர் பந்தயம் வைத்ததாகும். அதில் சராசரி இழப்பு ஏறத்தாழ 32 டாலர். மூன்று பூஜ்யச் சக்கரமாக இருந்தால் வீட்டின் பங்கு 7.69 விழுக்காடாக ஏறி, இழப்பு 46 டாலரைத் தொடும். அந்த ஒரு மணி நேரத்தில் பணிப்பெண் இரண்டு முறை கோப்பையைக் கொண்டுவந்தால் அதுவே அதிகம். போதை ஏறியவர் பந்தயத்தைக் கூட்டுவார் என்பதால் உண்மையான விலை இந்தக் கணக்கையும் தாண்டிப் போகும். பார் மேடையிலேயே வீடியோ போக்கர் திரையைப் பதித்து, ஆடினால் மது இலவசம் என்று சொல்லும் இடங்களையும் இதே காரணத்துக்காக நான் தவிர்க்கச் சொல்கிறேன். தட்டு வைக்க வேண்டிய இடத்தில் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தால், அங்கே நாம் சாப்பிட வந்தவர்களாக மதிக்கப்படவில்லை.

சூதாட்ட வருமானத்தில் சாப்பாட்டை மலிவாகப் போட்ட காலம் ஒன்று இருந்தது. 1941இல் திறந்த எல் ராஞ்சோ வேகாஸின் பஃபே அந்த வழக்கத்தின் தொடக்கம். 1992இல் புகழ்பெற்ற சமையல் வல்லுநர் வுல்ஃப்காங் பக்கின் ஸ்பாகோ உணவகம் வந்த பிறகு உணவகங்கள் தம் காலில் நிற்கத் தொடங்கின. 1990களின் இறுதியிலிருந்து ஸ்டிரிப் விடுதிகளின் வருமானத்தில் பாதிக்கு மேல் சூதாட்டத்துக்கு வெளியிலிருந்தே வருகிறது. விலை ஏறியது உண்மைதான். ஆனால் சூதாடாதவனுக்கும் அங்கே மரியாதையான இடம் கிடைத்தது இந்த மாற்றத்தால்தான்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நிலை எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. குடித்துவிட்டு வண்டியோட்டி நேர்ந்த சாவுகளுக்குப் பிறகு 1984இல் அங்கே ஹேப்பி அவரைத் தடை செய்தார்கள். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் கேசினோக்களுக்கு அனுமதி தந்த 2011ஆம் ஆண்டுச் சட்டம், சூதாட்டத் தளத்தில் மட்டும் இலவசமாக மது ஊற்றலாம் என்று விலக்களித்தது. ஆகவே 2018இல் ஸ்பிரிங்ஃபீல்டிலும் 2019இல் எவரெட்டிலும் பெரிய கேசினோக்கள் திறந்தபோது, ஆடுகிறவனுக்கு இலவச மது, சாப்பிட வருகிறவனுக்கு ஒரு மணி நேரத் தள்ளுபடிகூடக் கிடையாது என்ற நிலை உருவானது. சாலைப் பாதுகாப்பு நோக்கமென்றால் இரண்டையும் தடுக்க வேண்டும். உணவோடு சேர்த்து அளவாகக் குடிப்பதைத் தடுத்துவிட்டு, பணத்தை இழந்தபடி குடிப்பதை அனுமதிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தியானா மாநிலமோ ஹேப்பி அவர் மீதான தன் நெடுநாள் தடையை 2024இல் நீக்கியது.

பில் வந்ததும் ஒன்றைக் கவனியுங்கள். வேகாஸில் விற்பனை வரி 8.375 விழுக்காடு தனியாகச் சேரும். டிப்ஸைத் தள்ளுபடி விலைக்குக் கணக்கிடாமல், அந்தப் பண்டத்தின் முழு விலைக்குக் கணக்கிட்டுக் கொடுங்கள். டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்க, வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் சட்டம் இடம் தருவதில்லை. பல மாநிலங்களில் பரிமாறுகிறவர்களுக்கு மணிக்கு 2.13 டாலர்வரை குறையும் அடிப்படைக் கூலி, அங்கே 12 டாலர். ஆனாலும் பாதி விலைக்கு விற்ற தட்டை எடுத்துவரப் பரிமாறுகிறவர் நடந்தது முழுத் தூரம்.