ஐம்பது பைசாவும் ஒரு பிழைப் புகாரும்

"இது பிழை அல்ல, ஆவணத்தைப் படிக்கவும்" என்று ஒற்றை வரியில் ஒரு மென்பொருள் பிழைப் புகாரை மூடிவிடுவது எனக்கு அறவே பிடிக்காது. பதில் சரியாகவே இருந்தாலும் பிடிக்காது.

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடைக்கு எங்கள் குழு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறது. கடைக்காரர் இரண்டு பில்களை நீட்டினார். ஒன்றில் 412.50 ரூபாய் 412 ஆகியிருந்தது. மற்றதில் 413.50 ரூபாய் 414 ஆகியிருந்தது. "ஐம்பது பைசா ஒரு நேரம் ஏறுகிறது, ஒரு நேரம் இறங்குகிறது. இது எந்த ஊர்க் கணக்கு தம்பி?" என்று கேட்டார். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பையன் அன்றே புகார் எழுதினான்: பைத்தான் நிரல்மொழியில் தசமங்களைச் சுருக்கும் ரவுண்ட் சார்பு தவறாக வேலை செய்கிறது. மூத்தவர் ஒருவர் மேலே சொன்ன வரியை எழுதி மூடிவிட்டார்.

சார்பில் தவறு இல்லை என்பது உண்மைதான். சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோவது 2008இல் வந்த பைத்தான் 3 முதல் உள்ள நடைமுறை. அதற்கு முன் பாதி என்றால் மேலேதான் போகும். மாற்றத்துக்குக் காரணம் உண்டு. 412.50, 413.50, 414.50, 415.50 ஆகிய நான்கையும் கூட்டினால் 1656. எல்லாவற்றையும் மேலே ஏற்றிக் கூட்டினால் 1658. இரட்டைப்படைக்குக் கொண்டுபோனால் 412, 414, 414, 416. கூட்டுத்தொகை அதே 1656. ஆயிரக்கணக்கான எண்களைக் கூட்டும் ஆய்வாளருக்கு இந்த நேர்மை பெரிய விஷயம்.

ஆனால் கடைக்காரர் ஆய்வாளர் அல்லர். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நம் சட்டமும் அவர் பக்கம்தான் பேசுகிறது: 2017ஆம் ஆண்டு மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170ஆவது பிரிவு, செலுத்த வேண்டிய வரியில் ஐம்பது பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் முழு ரூபாயாக உயர்த்தச் சொல்கிறது; குறைந்தால் விட்டுவிடச் சொல்கிறது. அந்தப் பிரிவு வரித் தொகைக்கு உரியது. பில்லின் மொத்தத்தை முழு ரூபாயாக்குவது கடைத்தெரு வழக்கம். ஆனாலும் ஒரே பில்லில் இரண்டு விதி வைத்தால் எந்த வாடிக்கையாளர் ஒப்புக்கொள்வார்?

ஆகவே புகாரின் தலைப்பு தவறு, உள்ளே இருந்த வலி நிஜம். மூடியவர் தலைப்பை மட்டும் படித்தார். அந்தப் பையன் உள்ளிட்ட எண், வந்த விடை, எதிர்பார்த்த விடை மூன்றையும் ஒழுங்காக எழுதியிருந்தான். இத்தனை ஒழுங்காக எழுதியவனுக்கு ஒரு வரிப் பதில் கிடைத்தால், அடுத்த முறை உண்மையான பிழையைக் கண்டாலும் வாய் திறக்க மாட்டான். எனக்கு அந்த இழப்புதான் பெரிதாகப் படுகிறது.

ஆவணத்தைப் படி என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2.675 ரூபாயை இரண்டு தசமத்துக்குச் சுருக்கினால் 2.68 வராமல் 2.67 வரும் என்பதையும், அது பிழை அல்ல என்பதையும் பைத்தான் ஆவணமே விளக்கி எழுதியிருக்கிறது. கணினி எண்களை 0, 1 மட்டும் கொண்ட இரும வடிவில் வைக்கிறது; 2.675ஐ அப்படித் துல்லியமாக வைக்க முடியாது. உள்ளே இருப்பது அதைவிட மயிரிழை குறைவான எண். ஆவணம் எழுதியவர்களுக்கே காரணத்தைச் சொல்லும் பொறுமை இருந்திருக்கிறது.

புகாரைத் திரும்பத் திறந்து, மேலே உள்ள கூட்டல் கணக்கு முழுவதையும் அதில் எழுதினேன். தலைப்பை "பில் தொகைக்கு ரவுண்ட் சார்பு பொருந்தாது" என்று மாற்றினோம். பணத்தைச் சரமாக, அதாவது எழுத்து வடிவில் வாங்கி, தசமத்தை அப்படியே துல்லியமாக வைக்கும் டெசிமல் எண்ணாக்கி, பாதியை மேலே ஏற்றும் முறையை வெளிப்படையாகக் குறிப்பிடும்படி நிரலைத் திருத்தியது அந்தப் பையன்தான். ஏற்கெனவே போட்ட பில்களில் ஐம்பது பைசாவில் நின்ற வரித் தொகைகளைத் தனியே பிரித்துக் கடையின் ஆடிட்டரிடம் கொடுத்திருக்கிறோம்.