மௌனமும் மறுப்பாகிவிடும் அவை

ஜெர்மனியின் புண்டஸ்ராட்டை 'மேலவை' என்று மொழிபெயர்த்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அங்கே அமர்பவர்கள் அந்த அவைக்கென்று மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். 16 மாநிலங்களின் முதல்வர்களும் அமைச்சர்களும் தத்தம் அரசின் பிரதிநிதிகளாக அங்கே அமர்கிறார்கள். (ஆஸ்திரியாவில் இதே பெயருள்ள அவைக்கு மாநிலச் சட்டமன்றங்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கின்றன, சுவிட்சர்லாந்திலோ இப்பெயர் எழுவர் கொண்ட மத்திய அரசையே குறிக்கிறது.) மத்தியச் சட்டங்களில் பெரும்பாலானவற்றை நடைமுறைப்படுத்துவது மாநில நிர்வாகங்களே என்பதால், அச்சுமையைத் தூக்குகிறவர்கள் சட்டம் உருவாகும் இடத்திலும் இருக்க வேண்டும் என்னும் ஏற்பாட்டை நான் மனதார ஏற்கிறேன்.

எனக்குள்ள மனக்குறை வாக்களிக்கும் முறையில்தான். மக்கள்தொகைக்கேற்ப ஒரு மாநிலத்துக்கு 3 முதல் 6 வரை, மொத்தம் 69 வாக்குகள் உண்டு. ஒரு மாநிலத்தின் வாக்குகள் அனைத்தும் ஒரே பக்கம் விழ வேண்டும்.

2002 மார்ச் 22 அன்று குடியேற்றச் சட்டத்தின் மீதான வாக்கெடுப்பில் பிராண்டன்பர்க்கின் முறை வந்தபோது, அதன் அமைச்சர் ஒருவர் 'ஆம்' என்றார். கூட்டணிக் கட்சியைச் சேர்ந்த உள்துறை அமைச்சர் ஷோன்போம் 'இல்லை' என்றார். அவைத்தலைவர் வோவெரைட் மீண்டும் கேட்க, முதல்வர் ஷ்டோல்பே 'ஆம்' என்றார். அதையே மாநிலத்தின் வாக்காகக் கொண்டு சட்டம் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. அது செல்லாது என்று அரசமைப்பு நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பர் 18 அன்று தீர்ப்பளித்தது.

இத்தகைய மோதலைத் தவிர்க்க, கூட்டாளிகள் உடன்படாத விஷயத்தில் வாக்களிக்காமல் விலகியிருப்பது என்று கூட்டணி ஒப்பந்தங்களிலேயே எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் எந்த முடிவுக்கும் 69-இல் குறைந்தது 35 வாக்குகள் வேண்டும் என்பதால், புண்டஸ்ராட்டின் ஒப்புதல் தேவைப்படும் சட்டங்களில் விலகியிருப்பதும் எதிர்த்து வாக்களிப்பதும் ஒன்றே. 2025 மார்ச் 21 அன்று, அரசின் கடன் வரம்பைத் தளர்த்தும் அரசமைப்புத் திருத்தத்துக்கு 53 வாக்குகள் கிடைத்தன. மீதமுள்ள 16 வாக்குகளும் விலகி நின்ற நான்கு மாநிலங்களுடையவை. மக்கள் கேட்டால் காரணம் சொல்லும் பொறுப்பைப் பிரதிநிதி இப்படி ஒரு கூட்டணி விதியிடம் ஒப்படைத்துவிடுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

பதிவான ஆதரவு, எதிர்ப்பு வாக்குகளில் எது அதிகமோ அதுவே முடிவு என்று விதியை மாற்றலாம். அதற்கு அரசமைப்பைத் திருத்த வேண்டும். அத்திருத்தத்துக்கு இதே அவையில் 46 வாக்குகள் வேண்டும், அங்கேயும் விலகி நிற்பது மறுப்பாகவே எண்ணப்படும்.