1,020 என்ற எண் சொல்லாதது

'இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாகிவிட்டனர்' என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அது காட்டும் ஆதாரம், ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில் (2019-21) உள்ள 1,000 ஆண்களுக்கு 1,020 பெண்கள் என்ற விகிதம். எண் சரிதான், அதிலிருந்து எடுத்த முடிவை ஏற்க முடியவில்லை.

அந்த ஆய்வு தலைக்கணக்கு அல்ல. சுமார் 6.37 லட்சம் வீடுகளில் நடத்திய மாதிரி ஆய்வு. முந்தைய இரவு அந்த வீட்டில் தங்கியவர்களை வைத்தே விகிதம் போடுகிறார்கள். ராணுவ முகாமிலும் வேலையிடத்துக் கொட்டகையிலும் வளைகுடா நாட்டிலும் இருக்கும் ஆண்கள் இதற்குள் வருவதில்லை. எல்லோரையும் எண்ணிய 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விகிதம் 943. இரண்டையும் பக்கத்தில் வைத்து 'உயர்ந்துவிட்டது' என்பது எப்படிப் பொருந்தும்?

எனக்கு உண்மையில் வேதனை தருவது வேறு. அதே ஆய்வின் சுருக்க அறிக்கையில் 1,020-க்கு அடுத்த வரியைப் பாருங்கள்: முந்தைய ஐந்தாண்டுகளில் பிறந்த குழந்தைகளில் 1,000 ஆணுக்கு 929 பெண். கருவிலேயே பெண்ணை ஒதுக்கும் வழக்கம் இன்னும் ஓயவில்லை என்று அந்த வரி சொல்கிறது. கட்டுரையில் அது இல்லவே இல்லை.

இந்தக் கட்டுரையைப் படித்து ஆய்வேடு எழுதப்போகும் மாணவர்கள் ஆய்வறிக்கை அட்டவணையின் அடிக்குறிப்பையும் படிக்க வேண்டும். அடைப்புக்குறிக்குள் நிற்கும் சதவீதம் வெறும் 25 முதல் 49 பேரிடமிருந்து வந்தது. அதை வைத்து ஒரு மாவட்டத்தையே எடைபோடக் கூடாது.

கட்டுரையாசிரியர் அந்த 929-ஐயும் கட்டுரையில் சேர்க்க வேண்டும். தலைப்பையும் மாற்ற வேண்டும்.